நாராவுக்கும் யணாவுக்கும் நடுவே

வலது கை மவுஸின்மேல் படிந்திருந்தது. இடது கையின் இரண்டு விரல்கள் விசைப்பலகையில். திரையில் ஒரு பச்சைக் கோடு மேடும் பள்ளமுமாக நகர்ந்துகொண்டிருந்தது. மேடு என்றால் சொல். இரண்டு மேடுகளுக்கு நடுவே, சவரம் செய்து இரண்டு நாளான தாடைபோல ஒரு சொரசொரப்பு. அதுதான் மூச்சு. அந்த இடத்தை வளைத்துக் கோடு போட்டு ஒரு தட்டு. மூச்சு போய்விட்டது. வெட்டுப்பட்ட இரண்டு ஓரங்களையும் பக்கத்தில் இழுத்து, ஒன்றின்மேல் ஒன்று மயிரிழை ஏறும்படி வைத்து ஒட்டினாள். ஓட்டிக் கேட்டாள். பாடுகிற பெண் பிறந்ததிலிருந்து மூச்சே விடாதவள்போல அடுத்த சொல்லுக்குப் போனாள்.

“முடிஞ்சுதா கத்தரி?” என்று முதலாளி கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

“இன்னும் பாதி மூச்சு இருக்கு.”

“சீக்கிரம் எடு. டிராஃபிக்ல மாட்டிக்கிட்டவங்களுக்கான மந்திரம் அது. அந்தம்மா நாளைக்கே வெளியிடணுங்கறாங்க.”

“டிராஃபிக்லயா?”

“தூக்கத்துக்குப் போட்டாச்சு. பரீட்சைக்குப் போட்டாச்சு. தொட்டிச் செடிக்குக்கூடப் போட்டாச்சு. பாக்கி என்ன இருக்கு, நீயே சொல்லு.”

அவள் அடுத்த மூச்சை வளைத்துக் கோடு போட்டாள். முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அவருக்கு வால்யூம் என்று பெயர். எதைக் கேட்டாலும் “இன்னும் கொஞ்சம் ஏத்து” என்பார். டயர் கடைக்கு மேலே இருந்த வீட்டை வாடகைக்குப் பிடித்து, படுக்கையறைச் சுவர்களில் பஞ்சு மெத்தைகளை ஆணி அடித்து மாட்டி, நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்து ஸ்டூடியோ ஆக்கியவர். கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்தால் மேலே பக்தி நின்றுவிடும். அது ஓய்கிறவரை பாட வந்தவர்கள் வெந்நீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அவளுக்குக் கத்தரி என்ற பெயர் அதற்கும் முன்னால் வந்தது. கேசட் பிரதி எடுக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தாள். நாடா அறுந்தால் பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டுவாள். ஒட்டிய இடம் தெரியாது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நேராக வெட்டியபோது ‘டப்’ என்று கேட்டதால் சாய்த்து வெட்டிப் பார்த்தாள், அவ்வளவுதான். நாடா போய்க் கணினி வந்தபோது, பிளேடை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு மவுஸைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் நடக்கவில்லை. அதைப் பற்றிக் கேட்டவர்களும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள். அண்ணன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஓர் அறை, ஓர் அடுப்பு, துணி காயப்போட ஒரு கொடி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அண்ணன் வீடு.

அண்ணன் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். முகத்தில் துணி கட்டிக்கொள் என்றால், “மூஞ்சியை மூடிக்கிட்டா கலர் எப்படித் தெரியும்?” என்பார். கலர் தெரிந்தது. நெஞ்சுதான் போயிற்று. நாற்பதைத் தாண்டும்போதே மாடி ஏறினால் உள்ளே விசில் அடிக்கும். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் முன்னறையில் பாயை விரித்து, ஆர்மோனியத்தை மடியோடு அணைத்துக்கொண்டு நாமம் பாடினார். அவர் ஒரு வரி சொல்ல, எல்லோரும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கொஞ்சம் சூடு பிடித்ததும் எல்லோரும் சேர்ந்தே பாட வேண்டும். ஒரே வரிதான்.

ஹரி கோவிந்தா, மாதவா, நாராயணா.

பெரிய ராகம் ஒன்றும் இல்லை. ஆனால் அவரால் அந்த வரியை ஒரே மூச்சில் முடிக்க முடியாது. ‘நாரா’ வரைக்கும் வருவார். அங்கே நெஞ்சு காலியாகிவிடும். ஓர் இழுப்பு இழுத்துக்கொண்டு ‘யணா’ என்பார். கூட்டமும் அவர் தோள் ஏறுவதைப் பார்த்துத் தானும் நிற்கும், இழுக்கும், ‘யணா’ என்று விழும். வருஷக்கணக்கில் அப்படியே பழகிவிட்டது. அந்த வீட்டுக்கு வந்து கற்றுக்கொண்டு போனவர்கள் தங்கள் தங்கள் ஊரில் அப்படியே பாடினார்கள். நன்றாக மூச்சு விடத் தெரிந்தவர்களும் நடுச்சொல்லில் நின்று மூச்சு வாங்கினார்கள்.

ஒரு தடவை வெளியூர்க் கூட்டம் ஒன்று வந்திருந்தபோது, கண்ணாடி போட்ட ஒருவர் அதற்கு விளக்கமே கொடுத்தார். “நாரா தனி, அயனம் தனி. இவரு பிரிச்சுப் பாடறதுலதான் அர்த்தமே இருக்கு. சாதாரண ஆளுக்கு இது தோணாது.”

அண்ணன் சிரிக்க ஆரம்பித்து, இருமலில் போய் முடிந்தார். “கேட்டியாடி கத்தரி, என் இழுப்புக்கு இப்படியும் ஒரு அர்த்தம் இருக்காம்” என்றார், பேச்சு திரும்பிய பிறகு.

வால்யூம் இந்த நாமத்தை ஒரு நாள் வந்து கேட்டார். உடனே பதிவு செய்ய வேண்டும் என்றார். அண்ணன் மைக் முன்னால் உட்கார்ந்தார். பதிவைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. வீட்டில் தெரியாத இழுப்பு ஹெட்போனில் ஊளையிட்டது.

“இதை எடுத்துரு. கேக்கறவங்களுக்கு நாமம் போதும். என் நெஞ்சு எதுக்கு?” என்றார்.

எடுத்தாள். எல்லாவற்றையும் எடுத்தாள். பாதிச் சொல்லில் இருந்த இழுப்பை வெட்டி, ‘நாரா’வையும் ‘யணா’வையும் தைத்தாள். ஒரு வரி முடிகிற இடத்தில் அடுத்த வரியைக் கொண்டுவந்து வைத்தாள். மணிக்கணக்காக ஓடும், ஓர் இடத்திலும் நிற்காது. வால்யூம் கையைத் தட்டினார். “மனசு நழுவறதுக்குச் சந்தே இல்ல பாரு!”

அதுதான் பரவிற்று. யோகா வகுப்பில், பல் டாக்டரின் காத்திருப்பு அறையில், லிஃப்டில், ஆட்டோவில், யார் யாருடைய தலையணை ஓரத்திலோ அண்ணன் மூச்சு விடாமல் பாடிக்கொண்டிருந்தார்.

அவர் இறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் காவலாளியின் போனிலும் பாடிக்கொண்டிருந்தார். கத்தரி மேல்மாடி வார்டிலிருந்து இறங்கி வந்து, ஆட்டோவுக்காக அங்கே நின்றாள். அப்போது அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். ‘மாதவா’வுக்கு அப்புறம் ஓர் ஒட்டு தெரிகிறது, சின்னதாக ஒரு ‘டிக்’ கேட்கிறது, இதை இப்படியே வெளியே விட்டிருக்கக் கூடாது. சுற்றியிருந்தவர்கள் இவள் எப்போது உடைவாள் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்கு நிற்பதுபோல அவளும் நின்று பார்த்தாள். அழுகை வரவில்லை. மறுபடி வேலைக்குப் போனபோது வால்யூம் எழுந்து நின்றார், மின்விசிறியை வேகமாக வைத்தார். அவள் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

அதற்குப் பிறகு ருசி, வெயில், தூக்கம் எல்லாம் ஒரு மெத்தைக்கு அந்தப் பக்கம் இருந்து வந்தன. காது மட்டும் எப்போதும்போல இருந்தது.

அண்ணி ஸ்டூடியோவுக்கு வந்தது அப்புறம் கொஞ்ச நாள் கழித்து. அதற்கு முன்னால் அவள் படி ஏறியதே இல்லை. கூட வந்தவர் பிரேக். லாரி ஓட்டி ஓய்ந்தவர், ஞாயிற்றுக்கிழமை டோலக் வாசிப்பவர். வாசிக்கும்போதும் திருப்பத்தில் வேகத்தைக் குறைப்பார் என்பதால் அந்தப் பெயர்.

“பாட ஆள் இல்லன்னு உங்க அண்ணன் பதிவைப் போட்டுக் கூடவே பாடினோம்,” என்றாள் அண்ணி. “முடியல.”

“ஏன்?”

“எங்க நுழையறதுன்னே தெரியல கத்தரி. அவர் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கார். நாங்க நிக்கிற இடத்துல அவர் நிக்கல.”

“எனக்கு மயக்கமே வந்துருச்சும்மா,” என்றார் பிரேக். “அவரோட போட்டி போட்டு மூச்சைப் பிடிச்சேன் பாரு, கண்ணுல பூச்சி பறந்துச்சு. சுவத்துல சாஞ்சுட்டேன்.”

“அடுத்த வாரம் எல்லாரும் வாயை மூடிக்கிட்டுக் கேட்டாங்க. அதுக்கடுத்த வாரம் போனைப் பாத்தாங்க. இப்ப வர்றதே இல்ல. கேக்கறதுக்கு எதுக்கு என் வீடு வரைக்கும் வரணும்? அவங்க வீட்டுலயே கேக்கலாமே.”

அண்ணி முந்தானை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டாள். பெண்ணும் மாப்பிள்ளையும் தங்களோடு வந்து இருக்கச் சொல்கிறார்கள். வீட்டைக் காலி செய்துவிடலாம் என்கிறார்கள். “ஞாயித்துக்கிழமை பாட்டு இருந்தா நான் இங்க இருக்கறதுக்கு ஒரு காரணம் இருக்கு. இல்லன்னா நான் எதுக்கு அந்த முன்னறையைக் கூட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்? நீயே சொல்லு. நாங்க பாடற மாதிரி அதை ஆக்க முடியுமா? முடியாதுன்னா இந்த மாசத்தோட கிளம்பறேன்.”

அழவில்லை. கெஞ்சவும் இல்லை. கேஸ் தீர்ந்துவிட்டதா என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

“பாக்கறேன் அண்ணி,” என்றாள் கத்தரி.

வெட்டாத மூலப் பதிவு இருந்திருந்தால் ஒரு பிற்பகல் வேலை. இல்லை. வேலை முடிந்ததும் டிஸ்க்கைத் துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பதுதான் அந்த ஸ்டூடியோவின் வழக்கம். அவளே துடைத்திருப்பாள்.

முதலில் அவள் செய்தது அவளுக்குத் தெரிந்த வழி. ஒவ்வொரு வரி முடிவிலும், ‘நாரா’வுக்குப் பின்னாலும் ஒரே அளவில் இடைவெளி திறந்தாள். வேறு ஒரு பாடகரின் நல்ல மூச்சு ஒன்றை எடுத்து எல்லா இடைவெளியிலும் பதித்தாள். கேட்க நன்றாகவே இருந்தது. பிரேக் மட்டும் வந்தார், டோலக்கோடு. சேர்ந்து பாடிப் பார்த்தார். இரண்டாவது சுற்றிலேயே நிறுத்திவிட்டார்.

“டாக்டர் முதுகுல குழாய் வெச்சு ‘இழு, விடு’ங்கற மாதிரி இருக்கும்மா. அண்ணன் எங்க இப்படி அளந்து இழுத்தாரு? ஒரு வாட்டி லேசா இழுப்பாரு, ஒரு வாட்டி நின்னே போயிடுவாரு. நாங்களும் நிப்போம்ல?”

“எந்த வாட்டி நிப்பார்?”

“அதைக் கேட்டா எப்படிச் சொல்றது? அவர் தோளைப் பாத்துக்கிட்டு வாசிப்பேன். அந்தத் தோள் எங்க இப்ப?”

கத்தரி அந்தப் பதிவை அழித்துவிட்டாள். அண்ணன் தோளைப் பிரேக்கைவிட அருகில் உட்கார்ந்து பார்த்த ஒருத்தி இருக்கிறாள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவருக்கு இடப்பக்கம், ஒரு சாண் பின்னால் உட்கார்ந்து, பதில் வரியை முதலில் எடுப்பது எப்போதும் அண்ணிதான். அவள் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுப்பார்கள்.

அண்ணியைக் கூப்பிட்டனுப்பினாள்.

“நான் பாடணுமா?” என்றாள் அண்ணி, மெத்தை அறையைச் சுற்றிப் பார்த்தபடி. “எனக்குத் தனியாப் பாடி வராது.”

“பாட வேணாம் அண்ணி. மனசுக்குள்ள அவர் பாடட்டும். நீங்க அவர் எங்கெங்க மூச்சு விடுவாரோ அங்க மூச்சு மட்டும் விடுங்க. தாளத்தை முழங்கால்ல தட்டுங்க.”

“மூச்சு விடறதுக்கு மைக்கா? வெளிய சொல்லிடாத. சிரிப்பாங்க.”

“சொல்ல மாட்டேன்.”

முழங்காலில் துண்டை நாலாக மடித்துப் போட்டாள், தட்டுகிற சத்தம் மைக்கில் விழாமல் இருக்க. அண்ணன் உட்கார்ந்த இடத்திலேயே, அதே உயரத்தில் மைக்கை வைத்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டாள். அண்ணியின் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தட்டு, பதிவில் அடையாளம் விழும்படி. கை காட்டினாள். கீழே காற்று இயந்திரம் கிளம்பியது. காத்திருந்தார்கள். அது ஓய்ந்தது. மறுபடி கை காட்டினாள்.

அண்ணி கண்ணை மூடினாள். விரல் முழங்காலில் விழுந்து எழுந்தது. உதடு லேசாக அசைந்தது, சத்தமில்லை. ஒரு வரி போயிற்று. அப்புறம் அண்ணியின் இடது தோள் மெல்ல ஏறியது.

ஹெட்போனில் மூச்சு வந்தது. அது அண்ணியின் மூச்சு இல்லை. அண்ணி நல்ல நெஞ்சுக்காரி, மூன்று மாடி ஏறினாலும் பேச்சு குறையாது. இது வாயோரமாக, இடுக்கு வழியாக உள்ளே போயிற்று. கடைசியில் மெல்லிய விசில். அண்ணி கேலி செய்யவில்லை. அப்படித்தான் விட வேண்டும் என்று அவள் உடம்புக்குப் பழகியிருந்தது, அவளுக்கே தெரியாமல்.

கத்தரி மூச்சின் அளவு எங்கே நிற்கிறது என்று முள்ளைப் பார்த்தாள். சரியாக இருந்தது. அடுத்த தட்டுக்குத் தட்டினாள்.

முதல் சில சுற்றுகளில் ‘நாரா’வுக்குப் பின் இழுப்பு சின்னது. அப்புறம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. ஓர் இடத்தில் அண்ணி தாளத்தை விட்டுவிட்டு விரலை அந்தரத்தில் நிறுத்தினாள். நெற்றி சுருங்கியது. நின்றே இருந்தாள். கத்தரியின் விரலும் விசைக்கு மேல் நின்றது. பிறகு விசில், பிறகு விரல் விழுந்தது. அதற்கப்புறம் சில வரிகள் ஓட்டமாக ஓடின, தாமதித்ததை ஈடுகட்டுவதுபோல.

எழுந்து வந்ததும், “சரியா விட்டேனா?” என்று அண்ணி கேட்டாள்.

“ஒரு இடத்துல ரொம்ப நேரம் நின்னீங்க.”

“நிப்பாரே. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இந்தா பாடிடறேன்னு கண்ணாலயே சொல்லுவாரே, நீ பாத்ததில்ல? நீ கதவோரமா உக்காருவ. உனக்கு முதுகுதான் தெரிஞ்சிருக்கும்.”

“ஆமா,” என்றாள் கத்தரி. அவளுக்கு முதுகுதான் தெரியும்.

அந்த வாரம் பகல் வேலைகளுக்கு நடுவே இதைச் செய்தாள். அண்ணி தட்டிய அடையாளங்களை ஒரு கோட்டில் வைத்து, அதற்குக் கீழே அண்ணன் பாடியதை வைத்து, சொல் சொல்லாக நகர்த்தினாள். தான் தைத்த தையல்களைத் தானே பிரித்தாள். ‘நாரா’வையும் ‘யணா’வையும் எங்கே ஒட்டினோம் என்று வேறு யாருக்கும் தெரியாது; அவள் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்தாள். இடைவெளியில் வெறும் மௌனத்தை வைத்தால் கிணற்றுக்குள் விழுந்ததுபோல இருக்கும். அதனால் ஆளில்லாத அறையின் சத்தத்தைத் தனியாகப் பதிந்து, மெத்தைகளும் கண்ணாடியும் சேர்ந்து போடுகிற அந்த மெல்லிய இரைச்சலை முதலில் பரப்பினாள். அதன்மேல் மூச்சை வைத்தாள். மூச்சின் முனையில் இருந்த விசிலைச் சீவலாமா என்று விரல் பழக்கதோஷத்தில் ஒரு தரம் போயிற்று. எடுக்கவில்லை. ‘மாதவா’வுக்கு அப்புறம் கேட்ட அந்த ‘டிக்’கையும் சரி செய்தாள்.

வேலை முடியும் நேரங்களில் தோள்பட்டை வலித்தது. ஏனென்று பார்த்தால், திரையில் மூச்சு வருகிற இடங்களிலெல்லாம் அவள் தன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். அதைத் தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை. அண்ணன் குரலை இவ்வளவு கேட்டும் தோன்றவில்லை. சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

வால்யூம் ஒரு நாள் பின்னால் வந்து நின்று கேட்டார். “என்ன இது, நடுவுல புஸ்ஸு புஸ்ஸுன்னு? கீழ் கடை சத்தம் உள்ள வந்துருச்சா?”

“மூச்சு.”

“மூச்சா? காசு வாங்கிக்கிட்டு எடுக்கறதை இப்ப நீயே உள்ள வெக்கிறியா?” தலையைச் சொறிந்தார். கொஞ்ச நேரம் நின்றார். ஸ்பீக்கரில் அண்ணன் ‘நாரா’ என்று நின்றபோது வால்யூமின் மார்பும் ஏறி இறங்கியது. அதை அவர் கவனிக்கவில்லை. “இதை வெளிய போட முடியாது கத்தரி. யாரும் கேக்க மாட்டாங்க.”

“கேக்கறதுக்கு இல்ல சார்.”

“பின்ன எதுக்கு?”

“பாடறதுக்கு.”

அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை அண்ணியும் பிரேக்கும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். பிரேக் தரையில் உட்கார்ந்து டோலக்கை மடியில் கிடத்தினார். கத்தரி பதிவை ஓட்டினாள். முதல் வரியை அண்ணன் சொன்னார். அவர் இழுத்த இழுப்பிலேயே அண்ணி இழுத்தாள், பதில் வரியை எடுத்தாள். எடுத்தது சரியாக விழுந்தது. பிரேக் கண்ணை மூடிக்கொண்டார். ‘நாரா’வில் மூன்று பேரும் நின்றார்கள், மூன்று பேரும் விழுந்தார்கள். சுற்றுச் சுற்றாகப் போயிற்று. அந்தப் பெரிய நிறுத்தம் வந்தது. பிரேக்கின் கை தோலுக்கு மேலே ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. அண்ணி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். விசில் வந்தது. ‘யணா’ என்று எல்லோருமாக இறங்கினார்கள். அப்புறம் ஓட்டம். பிரேக் திருப்பத்தில்கூட வேகத்தைக் குறைக்கவில்லை.

முடிந்ததும் கத்தரி பதிவை நிறுத்தினாள். பிரேக் மூக்கைத் துண்டில் சிந்தினார்.

“மயக்கம் வருதா?” என்றாள் கத்தரி.

“போம்மா,” என்றார் அவர்.

அண்ணி படி இறங்கும்போது திரும்பி, “அந்த இழுப்பு என்னுதுன்னு தெரியவே இல்லடி,” என்றாள். “அவரே இழுக்கற மாதிரி இருக்கு. நீ ஏதாவது பண்ணியா?”

“ஒண்ணும் பண்ணல அண்ணி. நீங்க விட்டது அப்படியே இருக்கு.”

அண்ணி ஒரு படியில் நின்றாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இறங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கத்தரி பதிவை ஒரு சின்ன மெமரி கார்டில் ஏற்றி, காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு நடந்தாள். தெருவில் யாரோ வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வீட்டு வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. உள்ளே பாய் விரித்திருந்தது. பிரேக் டோலக்கின் கயிற்றை முறுக்கிக்கொண்டே யாரிடமோ, “வேகமாப் பாடி என்னைக் கொல்லப் பாக்காதீங்க, அவர் நிக்கிற இடத்துல நில்லுங்க, போதும்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணி வாசலுக்கு வந்தாள். “மக கிட்டப் பேசிட்டேன். இப்ப வரலைன்னு சொல்லிட்டேன். கோவிச்சுக்கிட்டா.”

“கோவிக்கட்டும்.”

“நீ உள்ள வந்து உக்காருவியா, இல்ல கதவோரம்தானா?”

கத்தரி உள்ளே பார்த்தாள். ஸ்பீக்கரை ஸ்டூலில் வைத்து அண்ணன் உட்காரும் இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். அதற்கு இடப்பக்கம், ஒரு சாண் பின்னால், அண்ணியின் இடம் காலியாக இருந்தது.

“தெரியல அண்ணி. முதல்ல இதைப் பிடிங்க. ரொம்பச் சின்னது, கீழ விழுந்தா தேட முடியாது.”

அண்ணி உள்ளங்கையை முந்தானையில் அழுந்தத் துடைத்துவிட்டு நீட்டினாள். கத்தரி காகிதத்தைப் பிரித்து, கார்டை அந்த உள்ளங்கையின் நடுவில் வைத்தாள்.